காணா ஒளியும் அதன் எல்லையும்

டிஜிட்டல் நிழற்படக் கருவியை அகச்சிவப்புக் கதிருக்கு ஏற்ப மாற்றினால், பட்டாசு ஆலையில் மருந்து சூடேறுவதை முன்னரே கண்டுகொள்ளலாமன்றோ என விருதுநகர், சிவகாசிப் பக்கத்தார் சிலர் வினவுவதுண்டு. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதின்மருக்கு மேல் மாண்டதை அறிந்த நாம் இவ்வினாவை எளிதென ஒதுக்குதல் தகாது.

நம் கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையாம். செந்நிறத்திற்கு அப்பாலும் கதிர்கள் உளவென்பதை 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானி கொண்டு கண்டார். 1910-இல் இராபர்ட் உட் அக்கதிர்களால் எடுத்த படங்களை வெளியிட்டார். நம் நாட்டில், 1970-இல் பிஷாரடி என்னும் அறிஞர் கேரளத்துத் தென்னைகளின் வேர்வாடல் நோயை, வானிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுத்து ஆராய்ந்தார்.

டிஜிட்டல் கருவியின் சிலிக்கன் உணரி ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரை உணரவல்லது. ஆயினும் படத்தின் வண்ணம் திரியாதிருத்தற்பொருட்டு, அகச்சிவப்பைத் தடுக்கும் தகடொன்று அதன்முன் பொருத்தப்பட்டுள்ளது. அதனை நீக்கி, 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட கதிரை மட்டும் விடும் தகட்டை இடுதலே மாற்றமாகும். இதில் மூன்றனைக் கருதல் வேண்டும்: மின்கலத்தைக் கழற்றிய பின்னும் பளிச்சொளி விளக்கின் மின்தேக்கியில் உயிர்க்கு ஊறுசெய்யும் மின்சாரம் நிற்கக்கூடும், உணரியில் தூசு படியலாகாது, தகட்டின் தடிப்பு மாறின் குவியம் பிறழும்.

இவ்வாறு மாற்றிய கருவியால் நோக்கின், கரிசற்காட்டு வேம்பும் சீமைக்கருவேலும் வெண்ணிறமாய் விளங்கும், வானம் கருக்கும். இலைகள் ஞாயிற்றின் அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பிவிடுதலே இவ்வெண்மைக்குக் காரணம், அவற்றின் வெப்பமன்று.

இங்கேயே மேற்கூறிய வினாவுக்கு விடை உளது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே சூடேறக்கூடும். எனினும் அத்தகைய சூட்டில் பொருள்கள் விடும் கதிர் பெரிதும் 10,000 நானோமீட்டர் அளவினது. அது சிலிக்கனுக்கு எட்டாது. கண்ணாடி வில்லையும் அதனைத் தடுத்துவிடும். நூறு பாகை சூடேறிய பொருளும் இக்கருவிக்கு இருளே. அதனைக் காண, ஜெர்மேனிய வில்லையுடைய வெப்பப்படக் கருவி வேண்டும். அதுவும் மேற்பரப்பின் சூட்டையே காட்டும். குவியலின் உட்புறத்தை அறிவியாது. மேலும், பொறி தோன்றக்கூடிய எம்மின்கருவியையும் மருந்தறைக்குள் கொண்டுசெல்லுதல் தானே இடராகும்.

அகச்சிவப்பு என்னும் ஒரே பெயர் இவ்விருவகைக் கருவிக்கும் வழங்குகின்றது. பெயரொற்றுமையால் மயங்கின், படத்தில் ஒன்றும் தோன்றாமையை அச்சமின்மையாகக் கொள்வோம். ஆலையில் அவ்வாறு கொள்ளுதல் உயிர்க்கு இறுதியாம்.