கணினி பெயர் பார்க்கும் விதம்



சூளகிரி பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா, பாஸ்புக்கையும் ஆதார் அட்டையையும் எங்கள் முன்னால் வைத்தார். "ரெண்டுலயும் என் பேருதானே இருக்கு, கம்ப்யூட்டர் மட்டும் ஏன் இல்லைங்குது?" என்று கேட்டார். பக்கத்தில் பாலிடெக்னிக் படிக்கும் அவர் மகள். "எங்க புரோகிராம் கிளாஸ்ல இதைத்தான் நடத்துறாங்க" என்றாள். இந்தப் பாடம் இருவருக்கும் சேர்த்துத்தான்.

அவர் பெயரை முனியம்மா என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஓர் அட்டையில் 'ஐ'க்குப் பிறகு 'ஒய்' உண்டு, 9 எழுத்து. இன்னொன்றில் 'ஒய்' இல்லை, 8 எழுத்து. நாம் பெயரை மொத்தமாகப் பார்த்து, நம்ம முனியம்மாதான் என்போம். கணினிக்கு ஆளைத் தெரியாது. லெட்ஜரையும் பாஸ்புக்கையும் வரி வரியாக டிக் அடிக்கிறோமே, அதுபோல எழுத்து எழுத்தாகப் பார்க்கும்.

பைத்தான், சி போன்ற மொழிகளில் முதல் எழுத்தின் இடம் 1 அல்ல, 0. இடம் 0, 1, 2, 3 நான்கும் ஒத்துப்போகும். இடம் 4-ல் இங்கே 'ஒய்', அங்கே 'ஏ'. அவ்வளவுதான், 'வேறு' என்று சொல்லிவிடலாம். புரோகிராம் எழுதும் பெண்கள் முதலில் இரண்டின் நீளத்தையும் பாருங்கள். சின்னப் பெயரில் இடம் 8 கிடையாது. இல்லாத இடத்தைக் கேட்டால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும்.

கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண்தான். ஆங்கிலப் பெரிய 'ஏ' 65, சின்ன 'ஏ' 97. ஆகவே இரண்டும் வேறு வேறு! இரண்டு பெயரையும் சின்ன எழுத்தாக்கிவிட்டு ஒப்பிட்டால் இந்தத் தொல்லை தீரும். கண்ணுக்குத் தெரியாத காலி இடத்துக்கும் 32 என்று எண் உண்டு. பெயருக்குப் பின்னால் ஸ்பேஸ் தட்டிவிட்டாலும் பொருந்தாது.

பாஸ்புக்கில் இருக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு 11 இடம் கொண்டது. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே 'ஓ' எழுத்தை அடிக்கிறவர்கள் நிறைய. பூஜ்யம் 48, பெரிய 'ஓ' 79.

தமிழில் எழுதினால் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். கோவிந்தம்மா என்பது நமக்கு 6 எழுத்து. கணினிக்கு 11, ஏனென்றால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி. 'கோ'வின் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்திருந்தால் 12 ஆகிவிடும். திரையில் துளியும் வித்தியாசம் தெரியாது! புரோகிராமில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

நம் எல்லைப் பகுதியில் இது இன்னும் கூடுதல். ஆனேக்கல், மாலூர் பக்கமிருந்து வந்த மருமகள்களின் பழைய சான்றிதழ்களில் பெயர் கன்னடத்தில் இருக்கும். அதை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவிதமாக எழுதுவார். கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களுக்கு பி.எஃப். பணம் எடுக்கும்போதுதான் இது தலைவலியாக வருகிறது.

அடுத்த கூட்டத்துக்கு ஆதார், பாஸ்புக் இரண்டையும் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம் போட்டு, 0 முதல் எண் கொடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். எந்த இடத்தில் மாறுகிறதோ அந்த எண்ணைக் குழுக் குறிப்பேட்டில் குறித்து வையுங்கள். திருத்த மனு எழுதும்போது அதுதான் வேண்டும்.