மெழுகுவத்தி ஏன் மணக்கவில்லை?

கும்பகோணத்து டிகிரி காப்பியை டவராவில் ஆற்றும்போது அதன் மணம் கூடத்தைத் தாண்டி வாசல்வரை வருகிறது. அதே காப்பி ஆறி அவலாய்ப் போனபின் மூக்கருகே கொண்டுபோனால்தான் மணம் தெரியும். காப்பி அதேதான், மாறியது வெப்பநிலை. மாணவர்களே, இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுவத்தியின் மணத்துக்கும் இதுவே அடிப்படை.

பள்ளிக் கண்காட்சிக்காக மணமுள்ள மெழுகுவத்தி செய்பவர்கள் பலர் ஏமாந்துபோவதுண்டு. மெழுகை உருக்கும்போது வீடெல்லாம் மணக்கும். வத்தியை ஏற்றினாலோ ஒன்றும் தெரியாது. அந்த மணம் எங்கே போயிற்று?

சுடரா, குளமா?

ஒரு பொருளின் மூலக்கூறுகள் ஆவியாகிக் காற்றில் பரவி மூக்கை அடைந்தால்தான் நமக்கு மணம் தெரியும். வெப்பம் கூடினால் ஆவியாதலும் கூடும். அப்படியானால் சுடரே மணத்தைப் பரப்புகிறது என்று தோன்றும் அல்லவா? உண்மை அதுவன்று.

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் வார்க்கப்படும் குத்துவிளக்கை நினைத்துப் பாருங்கள். திரியின் நுண்ணிய இடைவெளிகள் வழியே எண்ணெய் தானாக மேலேறுகிறது. இதைத் தந்துகிக் கவர்ச்சி என்கிறோம். மெழுகுவத்தியிலும் இதுவே நடக்கிறது. ஆனால் அங்கே சுடரின் வெப்பம் முதலில் மெழுகை உருக்கித் திரியைச் சுற்றி ஒரு சிறு குளத்தை உண்டாக்க வேண்டும். அந்தக் குளத்து மெழுகு திரியில் ஏறி, ஆவியாகி, எரிகிறது.

மைக்கேல் ஃபாரடே 1860-61ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், மெழுகுவத்தியைப் பற்றி இளைஞர்களுக்குச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அப்போது அணைத்த வத்தியின் வெண்புகையருகே தீயைக் காட்டினார். தீ புகை வழியே பாய்ந்து திரியைப் பற்றிக்கொண்டது. எரிவது மெழுகின் ஆவியே என்பதற்கு இது சான்று.

சுடரின் வெப்பநிலை 1000 டிகிரி செல்சியசுக்கும் மேல். திரியில் ஏறும் வாசனை எண்ணெயும் மெழுகுடன் எரிந்து, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறிவிடும். இவற்றுக்கு மணமில்லை. ஆகவே அறையை மணக்கச் செய்வது சுடர் அன்று. சுற்றியுள்ள குளத்தின் மேற்பரப்பே.

ஒரு சிறு கணக்கு: குளத்தின் விட்டம் 4 செ.மீ. ஆனால் பரப்பு சுமார் 12.6 சதுர செ.மீ. விட்டம் 6 செ.மீ. ஆனால் சுமார் 28.3 சதுர செ.மீ. விட்டம் ஒன்றரை மடங்கு. பரப்போ இரண்டேகால் மடங்கு! திரி மெல்லியதானால் குளம் சிறுத்து, நடுவில் குழி விழும். திரி மிகத் தடித்தால் சுடர் உயர்ந்து கரி படியும்.

எதைச் சேர்ப்பது?

பன்னீர் உதவாது. அது பெரும்பாலும் நீர். மெழுகுடன் கலக்காது, சுடரைப் படபடவென்று வெடிக்கச் செய்யும். சந்தனத்தூள் திரியை அடைத்துவிடும். மல்லிகைப்பூ கருகும், தீயும் பற்றலாம். மெழுகில் கரையும் வாசனை எண்ணெயே ஏற்றது.

எலுமிச்சைத் தோலிலுள்ள லிமோனீன் மூலக்கூறில் 10 கார்பன் அணுக்களே உள்ளன. அது விரைவில் ஆவியாகித் தீரும். வெட்டிவேர் எண்ணெயின் முக்கிய மூலக்கூறுகளில் 15 கார்பன் அணுக்கள். அவை மெல்ல ஆவியாகி நீடித்து மணக்கும். கதம்பத்தில் பல மணங்களைச் சேர்த்துக் கட்டுவதுபோல இரண்டையும் கலந்தால் மணம் உடனே எழும், நிலைத்தும் நிற்கும்.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். 100 கிராம் பாரஃபின் மெழுகை ஒரு பாத்திரத்திலிட்டு, அதை வெந்நீருள்ள பெரிய பாத்திரத்தினுள் வைத்து உருக்குங்கள். நேரடித் தீ கூடாது. மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.

உருகிய மெழுகை அடுப்பிலிருந்து இறக்கி, வெப்பமானி சுமார் 80 டிகிரி காட்டும்போது 6 கிராம் வாசனை எண்ணெயை விட்டு இரண்டு நிமிடம் கலக்குங்கள். எண்ணெய் விட்டபின் மீண்டும் கொதிநீரில் வைத்திருந்தால் மணம் அங்கேயே பறந்துவிடும். உருக்கும்போது வீடு மணந்ததன் பொருள் அதுதான்! எண்ணெயை அளவுக்கு மீறி விட்டாலும் பயனில்லை. மிகுதி மேலே வியர்த்து நிற்கும், திரி சரியாக எரியாது.

திரியை நடுவில் நிறுத்திய இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் மெழுகைச் சமமாக ஊற்றுங்கள். ஒன்று அகலமானது, மற்றது குறுகியது. இரண்டு மூன்று நாள் கழித்து, தட்டின்மேல் வைத்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். டம்ளர் சுடும், தொடாதீர்கள். குளம் விரிய ஒரு மணி நேரமாவது ஆகும்.

மணத்தை நீங்களே தீர்மானிக்க வேண்டாம். அருகிலேயே இருந்தவர் மூக்கு அந்த மணத்துக்குப் பழகிவிடும். வெளியிலிருந்து வரும் நண்பரைக் கேளுங்கள். குளத்தின் விட்டத்தையும் அவர் சொன்னதையும் குறித்துக்கொள்ளுங்கள். அகன்ற குளம்தானே அதிகம் மணந்தது? இல்லையென்றால் காரணம் என்ன? திரியைப் பாருங்கள், சன்னல் திறந்திருந்ததா என்றும் பாருங்கள்.