ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கட்டும்



தங்கையே, சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் போய் பி.டெக். படிக்கிறீர்கள். "பிராஜெக்டை நானே சீக்கிரம் முடித்துவிடுவேன், எதற்கு நாலு பேர்?" என்று கேட்டிருந்தீர்கள். முடித்துவிடுவீர்கள்தான். ஆனால் ஒருவர் கோட் எழுத, ஒருவர் ரெக்கார்டு எழுத, மற்ற இருவர் வைவாவுக்கு மனப்பாடம் செய்தால் நாலு பேருமே புதிதாக எதுவும் கற்கமாட்டீர்கள்.

கல்லூரியில் கோட் எழுதத்தான் சொல்லித்தருகிறார்கள். வேலைக்குப் போனால் பிறர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வதிலேயே பாதி நாள் போய்விடும். ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக் கடைசி இரவில் ஒட்டவைத்தால் அந்தப் பழக்கம் வராது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சரி என்ற பிறகே சேர்ப்பது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "இது சரியாக வரவில்லை, மாற்று" என்று தோழி சொன்னால் கோபப்படாமல் கேட்கவும், அதையே அவளிடம் மனம் நோகாமல் காரணத்தோடு சொல்லவும் அங்கேதான் பழகுவீர்கள்.

கோட் மாற்றங்களைப் பதிவுசெய்ய நீங்கள் பயன்படுத்தும் கிட் (Git) மென்பொருளையே பாருங்கள். லினக்ஸ் குழுவினர் அதுவரை இதற்குப் பயன்படுத்திய பிட்கீப்பர் மென்பொருளின் இலவச அனுமதி நின்றுபோனதும், 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலையில் அதன் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டார். தான் தொடங்கியதை வேறொருவர் எடுத்து நடத்தும்படி எழுதிவைப்பதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய திறமையாக நான் மதிக்கிறேன். மாற்றம் செய்யும்போதெல்லாம் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ' என்று குறிப்புப் போடாமல், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

கல்லூரிக்கு வெளியிலும் வேலை காத்திருக்கிறது. 'சித்தூர்' எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டால் 8 என்னும், நமக்கோ 4. 'திருப்பதி' நமக்கு 5, அதற்கு 9. யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதே காரணம். இதைச் சரியாகப் பிரித்துத் தர, முத்து அண்ணாமலை தொடங்கிப் பலர் சேர்ந்து வளர்த்த ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். தெலுங்குக்கும் இதே சிக்கல் உண்டு. இரண்டு மொழியும் பேசுபவர்கள் நம் நகரி, புத்தூர், குப்பம் பக்கம் ஏராளம். அவர்களில் கோட் எழுதத் தெரிந்தவர் நீங்கள்.

வரும் ஞாயிறு ஓப்பன்-தமிழின் நிரலை இறக்கி, அதிலுள்ள சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். புரியாத ஓர் இடத்தையாவது தோழிகளோடு உட்கார்ந்து படித்து, அதற்கு விளக்கம் எழுதி ஓப்பன்-தமிழ் குழுவினருக்கு அனுப்புங்கள். அக்குழுவினர் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.