எந்த ஊருக்கு எந்த விளம்பரம்?

விருத்தாசலம் கடைவீதியில் புதிதாக ஒரு மளிகைக்கடை திறந்தால் முதல் வாரத்திலேயே நாலு பேர் தேடி வந்துவிடுகிறார்கள். சுவர் விளம்பரம் எழுதுபவர் ஒருவர், பிளெக்ஸ் அடிப்பவர் ஒருவர், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றுபவர் ஒருவர். நாலாவது ஆள், "உங்கள் கடையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டரில் உள்ளவர்கள் செல்போனில் எல்லாம் விளம்பரம் காட்டுகிறேன்" என்கிறார். நாலு பேரிடமும் சரக்கு இருக்கிறது. ஆனால் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் பார்க்கும் நம் வியாபாரத்தில், தவறான இடத்தில் கொடுத்த பணத்தை மறுபடி எடுக்க எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்பது வணிகப் பெருமக்கள் அறிந்ததே. சூப்பர் மார்க்கெட்டுகளும் வீட்டுக்கே சரக்கு அனுப்பும் கம்பெனிகளும் நம் வாடிக்கையாளரை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருக்கும் காலம் இது. ஆகவே விளம்பரமே வேண்டாம் என்றும் இருக்க முடியாது.

முதலில் செய்ய வேண்டியது ஊர்க்கணக்கு. எங்கள் மண்டியில் பில் போடும்போது வாங்குபவர் பெயரோடு ஊர்ப் பெயரையும் எழுதுவது வெகுநாள் பழக்கம். மாதக் கடைசியில் ஊர் வாரியாகக் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். நம்மிடம் வருகிறவர்கள் கடையைச் சுற்றி வட்டமாக இல்லை. பஸ் போகும் வழியில் கோடு கோடாக இருக்கிறார்கள். மங்கலம்பேட்டை வழி ஒன்று, கருவேப்பிலங்குறிச்சி வழி ஒன்று, பெண்ணாடம் வழி ஒன்று. நேராக அளந்தால் பக்கத்தில் இருக்கும் கிராமம்கூட, பஸ் மாறி வர வேண்டும் என்றால் நமக்குத் தூரம்தான். சில்லறைக் கடைக்கு இந்த எல்லை இன்னும் குறுகும். நாலு தெருவும் இரண்டு சந்தும் அடங்கிவிட்டால் அதுவே பெரிது.

அமெரிக்காவில் ரெய்லி என்பவர் 1931-ல் இதை ஒரு விதியாகவே எழுதினார். இரண்டு நகரங்களுக்கு நடுவில் உள்ள ஊரை, மக்கள் தொகை கூடிய நகரம் அதிகமாக இழுக்கும். தூரம் இரு மடங்கானால் இழுப்பு கால் பங்காகிவிடும் என்பது அதன் சாரம். நமக்கும் நெய்வேலிக்கும் நடுவில் உள்ள ஊர்க்காரர் நகை, துணி வாங்க எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்தால் இது புரியும். ஆனால் உப்புக்கும் புளிக்கும் யாரும் அந்தக் கணக்குப் போடுவதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் எந்தக் கடை இருக்கிறதோ அங்கே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இப்போது செல்போன் விளம்பரத்துக்கு வருவோம். பேஸ்புக்கில் ஊரைக் குறித்து, சுற்றளவையும் சொல்லிப் பணம் கட்டலாம். அந்த வட்டத்தில் வசிப்பவர்களோடு, அண்மையில் அங்கே இருந்தவர்களுக்கும் விளம்பரம் போகும். நம் ஊரோ ரயில்வே ஜங்ஷன். சென்னை-திருச்சி ரயில்கள் இரவும் பகலும் போகின்றன. சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கிருந்தே பாதை பிரிகிறது. மதுரைக்குப் போகிற பயணி நம் பருப்பு விலையைப் பார்த்து என்ன செய்யப் போகிறார்? மாசிமகத்தின்போது மணிமுத்தாற்றங்கரையில் கூடும் வெளியூர்க் கூட்டமும் அப்படியே. பூஜை சாமான், தண்ணீர் பாட்டில் விற்பவருக்கு அந்தக் கூட்டம் வேண்டும். மாதச் சாமான் விற்கும் நமக்கு வேண்டாம். எனவே அந்த ஆளிடம் பேசும்போது, ஊரை மையமாக வைத்துப் பெரிய வட்டம் போடாமல், ஊர்க்கணக்கில் வந்த ஊர்களைத் தனித்தனியாகக் குறித்துச் சிறு சிறு வட்டமாகப் போடச் சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்பு, காசில்லாமல் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வது இலவசம். பெயரைத் தமிழிலும் தேடும்படி வைத்து, திறக்கும் நேரம், போன் நம்பர், கடை முகப்பின் படம் ஆகியவற்றைச் சரியாகக் கொடுக்க வேண்டும். குறியீடு நம் வாசலில்தான் நிற்கிறதா என்று நாமே நடந்துபோய்ப் பார்ப்பது நல்லது. தேடுபவர் கேட்டதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்ற மூன்றையும் பார்த்தே வரிசை வருகிறது. பணம் வாங்கிக்கொண்டு அந்த வரிசையில் முன்னே வைப்பதில்லை என்று கூகுளே சொல்கிறது. "முதலிடம் வாங்கித் தருகிறேன், வருடத்துக்கு இவ்வளவு" என்று போனில் பேசுகிறவர்களிடம் நம்மவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை ஒரே செய்தியை அனுப்பலாம். நம் நம்பரைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பில் கொடுக்கும்போதே நம்பரைப் பதியச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பஸ் வழிக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து வைத்தால், இன்று எந்தப் பக்கம் டெலிவரி வண்டி போகிறதோ அந்தப் பக்கத்தாருக்கு மட்டும் காலையில் சொல்லிவிடலாம்.

பழைய முறைகளில் சட்டம் பார்க்க வேண்டும். சுவர்க்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் சுவரில் எழுதுவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு, அனுமதியில்லாத பேனர் என்றால் யாரும் சும்மா விடுவதில்லை, விடவும் கூடாது. ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 மணி வரை கூடவே கூடாது. கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடத்தில் இருக்க வேண்டும்.

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை பெரிய பலகை இல்லாமலே விற்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அல்வாவைத் தேடி வருவார்கள். துவரம்பருப்பைத் தேடி யார் வருவார்கள்?

தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்யும் நம் நண்பர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் சரக்கை வாங்குபவர் வெளியூரில் இருக்கிறார். பத்து கிலோமீட்டர் விளம்பரம் அவர்களுக்குத் தண்டச் செலவு. சரக்கின் பெயரைத் தேடுபவர் கண்ணில் பட வேண்டும். அதே தொழிற்பேட்டை வாசலில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கோ, தொழிலாளர் வீடு திரும்பும் வழியில் ஒரு நல்ல பலகை போதும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மணிலாவும் உளுந்தும் கொண்டுவரும் விவசாயிக்கும் அப்படித்தான். அவர் வீட்டுச் சுவரில் எழுதுவதைவிட, திரும்பிப் போகும் சாலையில் எழுதுவது மேல்.

எங்களைக் கேட்டால் மஞ்சப்பைக்கும் காலண்டருக்கும் ஈடு இன்னும் வரவில்லை. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபின் துணிப்பை மறுபடி கைக்கு வந்திருக்கிறது. கடைப் பெயர் அச்சிட்ட பை, வாடிக்கையாளர் வருகிற அதே பஸ்ஸில் அதே ஊருக்குப் போகிறது. பக்கத்து சீட்டுக்காரரும் படிக்கிறார். தினசரி காலண்டர் வருடம் முழுக்கச் சமையலறை வாசலில் தொங்குகிறது. ஆனால் கண்டவருக்கும் கொடுத்தால் கட்டாது. சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியிடுவது வழக்கம். இப்போதே பில் புத்தகத்தில் ஊர்ப் பெயர் எழுத ஆரம்பித்தால், ஆர்டர் கொடுக்கும்போது எந்த ஊருக்கு எத்தனை என்று சொல்லிவிடலாம்.