கோடையிற் சாடிப் பயிர்ச் செய்கை

உலர் வலயத்திற் சோளகக் காற்று வீசும் மே மாதம் முதல் செப்டெம்பர் வரை மழை அரிது. கிணற்று நீரும் கீழிறங்கும். அக்காலத்திற் கமக்காரர் பலர் தோட்டத்தைத் தரிசாக விட்டு, கறிக்கு வேண்டிய மிளகாயையும் கத்தரிக்காயையும் சந்தையில் விலைகொடுத்து வாங்குகின்றனர். குசினிக்கருகே பத்துச் சாடிகளைப் பேணி வரின் இச்செலவின் ஒரு பகுதியைத் தவிர்க்கலாம். சித்திரை முற்பகுதியில் மிளகாய் நாற்றை நட்டால், ஆனிக் கடைசியிலிருந்து காய் பறிக்கலாம்.

நிலத்திலுள்ள வேர் ஈரத்தைத் தேடி ஆழச் செல்லும். சாடியிலுள்ள வேருக்கு அவ்வழி இல்லை. ஆகவே சாடியையும் பயிரையும் பொருத்தமறிந்து தெரிதல் வேண்டும்.

சாடி: கீரைக்கும் வெங்காயத்துக்கும் 8 அங்குல ஆழம் போதும். மிளகாய்க்கு 12 அங்குலமும், கத்தரிக்கும் தக்காளிக்கும் 15 அங்குலமும், கறிவேப்பிலைக்கும் தேசிக்கும் 18 அங்குலமும் வேண்டும். மட்சாடி வேரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். ஆயின் விரைவிற் காயும். தகரமும் கரிய பிளாஸ்டிக் வாளியும் ஈரத்தைக் காக்குமெனினும், வெயிலிற் சூடேறி வேரைக் கருக்கும். அவற்றின் வெளிப்புறத்தில் வெள்ளை பூசுக. அல்லது சாக்கினாற் சுற்றுக. கிருமிநாசினி இருந்த கொள்கலன்களை ஒருபோதும் உபயோகித்தலாகாது.

மண்: மேல்மண் 2 பங்கு, உக்கிய கூட்டெரு 1 பங்கு, மணல் 1 பங்கு சேர்த்துக் கலக்குக. வயற்களியைத் தனியே இட்டால் இறுகிவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய் என்பன வாடி இறந்த பாத்தியின் மண்ணை எடுத்தலாகாது; வாடல் நோயை உண்டாக்கும் பற்றீரியா அம்மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழும். சாடியின் அடியில் துவாரங்கள் அவசியம். அடியிற் சரளைக்கல் பரப்புவதால் வடிகால் திருந்தாது. வேருக்குரிய இடமே குறையும். துவாரத்தின்மேல் ஓர் ஓட்டுத்துண்டு வைத்தல் போதுமானது.

நீர்: விரலை மண்ணில் 1 அங்குலம் நுழைத்துப் பார்க்குக. ஈரமிருப்பின் நீர் வேண்டாம். உலர்ந்திருப்பின், அடித்துவாரத்தால் வடியுமளவும் காலையில் ஊற்றுக. மண்ணை வைக்கோலால் மூடுக. பிற்பகல் வெயில் தாக்காத கிழக்குப் புறம் சாடிகளுக்கு உகந்தது. உவர்க்கிணற்று நீரை ஊற்றும் இடங்களில் மண்மேல் வெண்படிவு தோன்றும். அது உப்பாகும். நன்னீரை மிகுதியாக ஊற்றி அதனை வடியவிடுக. நீரோடு உரச்சத்தும் வடிவதால், இரு கிழமைக்கொருமுறை சாடிக்கு ஒரு கைப்பிடி கூட்டெரு இடுக.

நுளம்பு: சாடியின் கீழ்த் தட்டுகளில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். ஆதலால் தட்டுகளை அகற்றுக. அகற்ற இயலாவிடின், கிழமைதோறும் நீரை ஊற்றிவிட்டு உட்புறத்தை உரைத்துக் கழுவுக.

நாள்தோறும் கவனிக்கக்கூடிய தொகையான சாடிகளையே முதலில் வைத்தல் நன்று. கவனிப்பாரற்ற இருபது சாடிகளிலும் பார்க்க, நன்கு பேணிய ஐந்து சாடிகள் குடும்பத்துக்கு மிகுந்த பயன் தரும்.