கிக்ஆஃப் எத்தனை மணிக்கு? மேடிசனில் ஒரு வெளியூர் மேட்ச், இரண்டு ராத்திரி

"டேய், உங்க காலேஜ் ஐ.வி.க்கு நீதானே பிளான் போட்ட? எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

2024 ஆகஸ்டில் அக்காவிடமிருந்து வந்த வாட்ஸ்அப் மெசேஜ் இது. அக்கா என்றால் பெரியப்பா மகள். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், வெஸ்ட் லஃபயெட் ஊரில் இருக்கும் பர்டியூ யூனிவர்சிட்டியில் எம்.எஸ். படிக்கிறாங்க. அக்டோபர் 5, சனிக்கிழமை, பர்டியூ ஃபுட்பால் டீம் விஸ்கான்சின் யூனிவர்சிட்டியோடு மோத மேடிசன் போகிறது. அக்காவும் மூன்று ரூம்மேட்களும் கூடவே போய், மேட்ச்சும் பார்த்து ஊரையும் சுற்றிப் பார்க்கணும். திங்கள் காலை 8:30-க்கு அக்கா லேப் எடுக்கணும், டி.ஏ. வேலை. அதற்குள் திரும்பியாகணும்.

நம்மில் பல பேர் அடுத்த வருஷம் இதே மாதிரி ஏதோ ஒரு அமெரிக்க கேம்பஸில் இருக்கப்போறோம். யாராவது ஒரு ஃப்ரெண்ட் "அவே கேம் போலாமா?" என்று கேட்கத்தான் போறாங்க. அதனால் அந்த பிளானில் நான் எங்கே சொதப்பினேன், எப்படிச் சரி செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அங்கே ஃபுட்பால் என்றால் மெஸ்ஸி ஆடுவது இல்லை. ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். கல்லூரி டீம்கள் ஒரு சீசனில் வழக்கமாக 12 மேட்ச் ஆடும், கிட்டத்தட்ட பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில். பெரும்பாலும் சனிக்கிழமை. காலேஜ் மேட்ச் என்றதும் நம்ம ஸ்போர்ட்ஸ் டே கூட்டத்தை நினைக்காதீங்க. விஸ்கான்சினின் கேம்ப் ராண்டல் ஸ்டேடியத்தில் 75 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். சேப்பாக்கத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் மேடிசன் ஊரின் மக்கள்தொகையே மூன்று லட்சத்துக்குள்தான். ஹோட்டல் ரூம் ஏன் தீப்பிடிக்கிற விலையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இப்போ என் சொதப்பல். எக்செல் ஷீட் திறந்து, சனிக்கிழமை வரிசையில் "மாலை 6:30 மேட்ச்" என்று எழுதினேன். ஏன் 6:30? யோசிக்கவே இல்லை. ஐ.பி.எல். மேட்ச் ராத்திரியில்தானே நடக்கும், அந்தப் பழக்கம். அதை வைத்து காலை 10 மணிக்குச் சந்தை, 12-க்கு கேபிடல், 2-க்கு ஏரிக்கரை என்று அழகாக கலர் எல்லாம் அடித்து அனுப்பினேன். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "6:30-ன்னு உனக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லலை. தேடிப் பார்த்தால் அந்த நேரம் அப்போது யாருக்குமே தெரியாது. இந்த விளையாட்டில் தேதி பல மாதம் முன்பே முடிவாகிவிடும், மணி மட்டும் முடிவாகாது. எந்த மேட்ச்சை எந்த நேரத்தில் காட்டுவது என்பது டி.வி. சேனல்கள் கையில். பல மேட்ச்களுக்கு 12 நாள் முன்னால்தான் நேரம் அறிவிப்பார்கள். சில நேரம் இன்னும் இழுத்து, 6 நாள் முன்னால். இவர்கள் ஆடும் பிக் டென் லீகுக்கு ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. என்று மூன்று பெரிய சேனல்களோடு ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் மேட்ச்கள் பொதுவாக மூன்று ஸ்லாட்டில் விழும்: மதியம் 12, பிற்பகல் 3:30, இரவு 7:30.

இதிலேயே இன்னொரு பொறி. இந்த மணிகள் எல்லாம் ஈஸ்டர்ன் டைம். பர்டியூ இருப்பது ஈஸ்டர்ன் டைமில், மேடிசன் இருப்பது சென்ட்ரல் டைமில், ஒரு மணி நேரம் பின்னால். பர்டியூ பக்கத்தில் "12 மணி" என்று பார்த்துவிட்டுப் போனால், மேடிசனில் 12 அடிக்கும்போது முதல் குவார்ட்டர் முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கும். பிளானில் எல்லாவற்றையும் மேட்ச் நடக்கும் ஊரின் நேரத்தில் எழுதுங்க. அப்படி எழுதினால் மூன்று ஸ்லாட்டும் 11:00, 2:30, 6:30.

ஆகவே பிளான் ஒன்று போட்டால் பத்தாது. மூன்றுக்கும் ஒத்துப்போகிற மாதிரி ஒன்று போடணும். புராஜெக்ட் மேனேஜ்மென்ட் பேப்பரில் "ஃப்ளோட்" என்று படித்தோமே, ஒரு வேலையை எவ்வளவு தள்ளிப்போட்டாலும் மொத்த புராஜெக்ட் கெடாது என்கிற அந்த இடைவெளி, அது எனக்கு முதல் தடவையாக உபயோகப்பட்டது இங்கேதான். (அந்த பேப்பரில் என் கிரேடு பற்றிக் கேட்க வேண்டாம்.)

மேடிசனில் கட்டாயம் பார்க்கவேண்டியது சனிக்கிழமைச் சந்தை, டேன் கவுன்ட்டி ஃபார்மர்ஸ் மார்க்கெட். 1972-ல் தொடங்கியது. மாநில கேபிடல் கட்டடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கடை. தாங்களே விளைவித்ததை, தாங்களே செய்ததை மட்டும்தான் விற்கலாம், வாங்கி விற்க அனுமதி இல்லை. கூட்டம் முழுக்க ஒரே திசையில், கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாக நடக்கும். நம்ம ஊர் கோயில் பிரதட்சணத்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. அங்கே "சீஸ் கர்ட்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தயிர் என்று நினைத்துவிடாதீங்க. அது அன்றைக்குச் செய்த சீஸின் சின்னச் சின்னத் துண்டு, கடித்தால் பல்லில் கீச் கீச் என்று சத்தம் வரும். சத்தம் வந்தால் புதுசு, வராவிட்டால் பழசு.

சந்தை காலை 6:15 வாக்கில் ஆரம்பித்து மதியம் 2 மணிக்குள் முடிந்துவிடும். ஆகக்கூடி ஏழரை மணி நேரம். நமக்குத் தேவை ஒன்றரை மணி நேரம். அதாவது 6 மணி நேரம் ஃப்ளோட், தாராளம். ஆனால் மேட்ச் 11 மணிக்கு என்றால்? 10:15-க்கு ஸ்டேடிய வாசலில் நிற்கணும். கேபிடலிலிருந்து நடக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், எனவே 9:40-க்குச் சந்தையை விட்டுக் கிளம்பணும். 8:10-க்குள் உள்ளே போயிருக்கணும். 6 மணி நேர ஃப்ளோட் இரண்டு மணி நேரத்துக்கும் கீழே வந்துவிட்டது. நான் முதலில் எழுதிய "10 மணி" 11 மணி மேட்ச்சுக்குச் சரிவராது. 7 மணி என்று எழுதினால்? மூன்று ஸ்லாட்டுக்கும் சரி. இப்படி யோசித்ததும் பிளான் கடகடவென்று விழுந்தது. திறந்து மூடும் நேரம் உள்ளதை எல்லாம் சனி அதிகாலைக்கோ ஞாயிறுக்கோ தள்ளு. எந்நேரமும் திறந்திருப்பதை மேட்ச்சுக்கு முன்னும் பின்னும் எங்கே வேண்டுமானாலும் செருகு.

எந்நேரமும் திறந்திருப்பது மேடிசனில் நிறையவே இருக்கிறது. ஊரின் நடுப்பகுதி மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவில் ஒரு ஒல்லியான நிலத்துண்டு. ஒரு முனையில் கேபிடல், இன்னொரு முனையில் கேம்பஸ், நடுவில் ஸ்டேட் ஸ்ட்ரீட். கடைகள் நிறைந்த தெரு, கார்களே கிடையாது என்று சொல்லும் அளவுக்கு நடப்பவர்களின் தெரு. மொனோனா ஏரிக்கரையில் மொனோனா டெரஸ். ஃபிராங்க் லாய்ட் ரைட் இதற்கு முதல் டிசைன் கொடுத்தது 1938-ல், கட்டடம் திறந்தது 1997-ல். ரைட் இறந்தே 38 வருஷம் ஆகியிருந்தது. ஃபைனல் இயர் புராஜெக்ட் லேட்டாகிறது என்று புலம்புபவர்கள் மாடியில் நின்று ஏரியைப் பார்த்து ஆறுதல் அடையலாம். மெண்டோட்டா கரையில் மெமோரியல் யூனியன் டெரஸ், சூரியக் கதிர் மாதிரி முதுகு வைத்த கலர் கலர் இரும்பு நாற்காலிகள். அங்கே பாப்காக் ஐஸ்கிரீம் சாப்பிடாமல் வரக்கூடாது, யூனிவர்சிட்டியின் சொந்தப் பால்பண்ணையில் செய்வது. பெயருக்குக் காரணமான ஸ்டீஃபன் பாப்காக் இங்கே பேராசிரியர். பாலில் எவ்வளவு கொழுப்பு என்று சல்ஃப்யூரிக் ஆசிட்டும் சென்ட்ரிஃப்யூஜும் வைத்து அளக்கும் முறையை 1890-ல் கொடுத்தவர்.

பயணமும் தங்குவதும் சுருக்கமாக. மேடிசனுக்குப் பயணிகள் ரயில் இல்லை. பஸ் என்றால் சிகாகோ போய் மாறணும். நான்கு பேர் என்பதால் வாடகைக் கார், சிகாகோ வழியாக ஏறக்குறைய நாலரை மணி நேரம். 25 வயதுக்குக் கீழே இருப்பவர் ஓட்டினால் பெரும்பாலான கம்பெனிகள் தினசரி எக்ஸ்ட்ரா வாங்கும், அதைச் சேர்த்தே கணக்குப் போடுங்க. வெள்ளி மாலை சிகாகோ டிராஃபிக்கில் மாட்டினால் நாலரை ஆறாகும், காலையிலேயே கிளம்புவது நல்லது. மேட்ச் வாரத்தில் மேடிசன் ஹோட்டல்கள் பலவும் இரண்டு ராத்திரிக்குக் குறைந்து தராது. அக்கா குரூப் சிகாகோ பக்கம் 65 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஜேன்ஸ்வில் ஊரில் ரூம் போட்டாங்க, திரும்பும் வழியும் அதுதான். எங்கே போட்டாலும் கேன்சல் செய்யக்கூடிய புக்கிங்காகப் போடுங்க. நேரம் தெரியாத மேட்ச்சுக்கு நான்-ரீஃபண்டபிள் எடுப்பது வீண் ரிஸ்க். கார் ஸ்டேடியம் பக்கம் போகவே வேண்டாம். கேபிடல் அருகே பார்க் பண்ணிவிட்டு நடங்க. பேக்பேக்கை ரூமில் விட்டுப் போங்க, அமெரிக்க ஸ்டேடியங்கள் பலவற்றில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் அனுமதி. டிக்கெட் போனில்தான், எனவே பவர் பேங்க்.

நேரம் கடைசியில் அறிவித்தார்கள். மேடிசன் நேரம் காலை 11:00.

நான் போட்டதிலேயே மோசமானது என்று நினைத்த ஸ்லாட். ஆனால் அதுதான் ஊர் சுற்ற வந்தவர்களுக்கு நல்லது என்று பிறகு புரிந்தது. கடிகாரத்தில் ஒரு மணி நேர ஆட்டம்தான், ஆனால் நிறுத்தி நிறுத்தி ஆடி முடிக்க மூன்றரை மணி நேரம் ஆகும். 11-க்குத் தொடங்கினால் 2:30-க்கு முடியும், அக்டோபர் ஆரம்பத்தில் சூரியன் மறைய 6:30 ஆகும், நான்கு மணி நேரப் பகல் கையில் மிச்சம். 2:30 மேட்ச் என்றால் வெளியே வரும்போது இருட்டத் தொடங்கும். 6:30 மேட்ச் என்றால் ஸ்டேடியத்தில் மின்விளக்கு வெளிச்சமும் கூட்டத்தின் சத்தமும் சூப்பராக இருக்கும், ஆனால் முடியும்போது 10 தாண்டும், ஜேன்ஸ்வில் ரூமுக்கு நள்ளிரவில் டிரைவ்.

சரி, மேட்ச். பர்டியூ 6, விஸ்கான்சின் 52. ஆமாம், சரியாகத்தான் படிச்சீங்க. இதில் ஆச்சரியமும் இல்லை. 2003-ல் ஜெயித்த பிறகு பர்டியூ விஸ்கான்சினை ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. "தோற்கிறது தெரிஞ்சே 400 கிலோமீட்டர் போகணுமா?" என்று ஆகஸ்டிலேயே கேட்டேன். "அதனாலதான்டா ஊரையும் பிளான்ல சேர்க்கச் சொன்னேன்" என்றாங்க அக்கா. வெளியூர் ரசிகருக்கு மேட்ச் மட்டுமே பிளான் என்றால் மூன்றாவது குவார்ட்டரில் அந்தப் பயணம் முடிந்துவிடும்.

ஆனாலும் மூன்றாவது குவார்ட்டரில் எழுந்து வராதீங்க. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில்தான் கேம்ப் ராண்டலின் பெரிய விஷயம். ஹவுஸ் ஆஃப் பெயின் குழுவின் 'ஜம்ப் அரவுண்ட்' பாட்டைப் போடுவார்கள், மொத்த ஸ்டேடியமும் குதிக்கும். 1998-ல் தொடங்கிய வழக்கம், அன்றைக்கு எதிரில் ஆடியதும் பர்டியூதான். 2003-ல் ஸ்டேடியத்தில் கட்டுமான வேலை நடந்தபோது பாதுகாப்புப் பயத்தில் ஒரு மேட்ச்சில் பாட்டை நிறுத்தினார்கள். மாணவர்கள் கொந்தளித்துவிட்டார்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர்கள் கட்டடம் தாங்கும் என்று சொன்ன பிறகு பாட்டு திரும்பி வந்தது. சிவில் நண்பர்களுக்கு: பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 107 துடிப்பு, அதாவது ஏறக்குறைய 1.8 ஹெர்ட்ஸ். ஆயிரக்கணக்கான பேர் ஒரே தாளத்தில் குதிக்கும்போது கேலரியின் நேச்சுரல் ஃப்ரீக்வென்சி அதற்கு அருகில் இருக்கக்கூடாது. ரெசனன்ஸ் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் நம்ம புத்தகத்தில் இல்லை. அக்கா அனுப்பிய வீடியோவில் போன் ஆடுவது அவங்க குதித்ததாலா, சீட் ஆடியதாலா என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மேட்ச் முடிந்தும் விஸ்கான்சின் பேண்டு மைதானத்தில் இறங்கி வாசிக்கும், ஃபிஃப்த் குவார்ட்டர் என்று பெயர். கூட்டம் வடியும்வரை உட்கார்ந்து அதைப் பார்ப்பது லாபம். கறுப்பும் தங்கமும் கலந்த பர்டியூ டி-ஷர்ட்டில் நான்கு பேர் சிவப்புக் கடலில் உட்கார்ந்திருந்தால் கிண்டல் வரும், சிரித்துக்கொண்டே வாங்கிக்கணும். பக்கத்து சீட் தாத்தா ஒருவர் "நல்ல தைரியம்" என்று சொல்லி அவங்களுக்குப் பாப்கார்ன் கொடுத்தாராம்.

மீதிப் பகலில் ஸ்டேட் ஸ்ட்ரீட், டெரஸ், ஐஸ்கிரீம், சூரிய அஸ்தமனம். நான் கலர் அடித்த ஷீட்டில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று, கேபிடலின் உள்ளே. மேடிசனின் கேபிடல் 1906-ல் தொடங்கி 1917-ல் முடிந்த கிரானைட் குவிமாடக் கட்டடம், உயரத்தில் வாஷிங்டன் கேபிடலைவிடச் சில அடிதான் குறைவு. அதை ஞாயிறுக்குத் தள்ளியிருந்தோம். ஞாயிறு காலை பார்த்துவிட்டு மதியம் 12-க்குக் கிளம்பினாங்க.

இங்கே மறுபடியும் டைம் ஸோன். போகும்போது கிடைத்த ஒரு மணி நேரம் திரும்பும்போது போய்விடும். 12-க்குக் கிளம்பி, நாலரை மணி நேரம் ஓட்டி, வழியில் ஒரு மணி நேரம் சாப்பாடு என்றால், வீட்டுக் கடிகாரத்தில் மாலை 6:30. அக்கா 7:10-க்கு "ரீச்டு" என்று மெசேஜ் போட்டாங்க, கூடவே திங்கள் லேபுக்கான ரெக்கார்ட் நோட்டுக் குவியலின் போட்டோ.