தராசின் நிறை திரைக்கு வரும் வழிகள்

காலபோக அறுவடை முடிந்து, முள்ளியவளையை அடுத்த தண்ணீரூற்றிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நெல் மூடைகள் மின்னணுத் தராசில் ஏறும் மாசி, பங்குனி நாட்களில், ஒருவர் நிறையை வாசிக்க மற்றொருவர் கொப்பியில் எழுதி, மாலையில் மூன்றாமவர் அதனைக் கணனியில் பதிவதைக் காட்டிலும், தராசின் பின்புறத்துச் சீரியல் போர்ட்டிலிருந்தே எண்ணைப் பெற்று வலைப்பக்கத்தில் காட்டிவிடலாமே என்ற யோசனை எவருக்கும் உதிப்பது இயல்பே. அதற்குரிய உபாயங்கள் நான்கு. அவை யாவும் சமமானவையல்ல.

வழங்கியில் ஓடும் நிரல் தான் ஓடும் கணனியின் போர்ட்டை மட்டுமே அறியும் என்பதை முதலிலேயே மனத்திற்கொள்ள வேண்டும். கொழும்பில் வாடகைக்கு எடுத்த வழங்கி, நெல் நிறுக்கும் ஆலையிலுள்ள தராசைத் தானாகக் காணாது.

ஆலையிலேயே வழங்கி இருக்குமாயின், பிஎச்பி நிரல் லினக்ஸில் போர்ட்டை ஒரு சாதாரணக் கோப்பைப் போலத் திறந்து வாசிப்பதே முதல் உபாயம். வலைவழங்கியின் பயனர் கணக்கை 'டயல்அவுட்' குழுவிற் சேர்த்து, வேகத்தை, உதாரணமாக 9600 என, 'எஸ்டிடிஒய்' கட்டளையால் நிர்ணயித்துவிட்டால் எண் வந்துவிடும். தொல்லையும் உடன் வரும். இருவர் ஒரே சமயத்திற் பக்கத்தைத் திறந்தால், ஒருவர் வாசித்த எழுத்து மற்றவருக்குக் கிட்டாமல் இருவருக்கும் அரைகுறை வரிகளே எஞ்சும். தராசு மௌனமாயிருந்தால் நிரலும் காத்துக் கிடக்கும். பிஎச்பியின் வழக்கமான 30 வினாடி வரம்பு, லினக்ஸில் இவ்விதம் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிற் கொள்வதில்லையாதலால், அதுவும் ரட்சிக்காது. பரீட்சித்துப் பார்க்க இவ்வழி போதும், வியாபாரத்துக்கு ஆகாது.

என் அபிப்பிராயத்தில் விவேகமானது இரண்டாவதே: பைதனின் 'பைசீரியல்' நூலகத்தைக் கொண்டு பின்னணியில் ஓயாது ஓடும் சிறு நிரலொன்று போர்ட்டைத் தனக்கே உரியதாக வைத்துக்கொண்டு, முழுமையாக வந்த வரியை மாத்திரம் நேரத்தோடு எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எழுத, பிஎச்பி அங்கிருந்து எடுத்துக் காட்டுவது. பல தராசுகள் நிறை நிலைத்ததா, இன்னும் ஆடுகிறதா என்பதற்கும் குறி அனுப்புகின்றன. ஆடும் நிறையைப் பதிவது விவசாயிக்கோ ஆலைக்கோ அநீதி. சில வினாடிகள் பழையதாகிவிட்ட எண்ணையும் திரையில் நிறுத்தலாகாது. கம்பி கழன்ற பின்னும் முந்திய மூடையின் நிறை அங்கே நின்று ஏமாற்றும். மின்சாரம் போய் வந்தால், தராசைக் கணனியோடு இணைக்கும் யூஎஸ்பி மாற்றியின் பெயரிலக்கம் மாறக்கூடுமாதலால், சாதனத்தின் நிலையான பெயரைக் கொண்டே திறக்க வேண்டும்.

தராசின் சீரியல் போர்ட்டிலிருந்து வரும் ஆர்எஸ்-232 கம்பிக்குப் பழைய நியமம் வகுத்த எல்லை ஏறக்குறைய 15 மீற்றர். கணனி அதற்கப்பால் இருந்தால், தொடர் தரவை வலையமைப்பிற் செலுத்தும் சிறு பெட்டி மூன்றாவது உபாயம். ஒரு கணனியில் ஒருவரே வேலை செய்வாராயின், வலைப்பக்கமே போர்ட்டை நேரடியாக வாசிக்கும்படி குரோம் உலாவி 2021 முதல் தரும் 'வெப் சீரியல்' நான்காவது. எல்லா உலாவிகளும் அதை அறிந்தவையல்ல. பயனரின் அனுமதியும் அவசியம்.

கணக்கு தூரத்து வழங்கிக்குத்தான் போகவேண்டும் எனில், ஆலையிலுள்ள பின்னணி நிரலே பதிவுகளைச் சேமித்துவைத்து, இணையம் அறுந்து மீண்டதும் அனுப்பட்டும். ஒவ்வொரு மூடைக்கும் தனி அடையாள எண் இட்டால், இரு முறை அனுப்பப்பட்ட பதிவையும் வழங்கி ஒன்றாகவே கொள்ளும்.